திரையில் தெரியும் எண்ணுக்கு யார் சாட்சி?

திண்டுக்கல் மாவட்டத்தின் ரெட்டியார்சத்திரம், கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பெட்டி மாட்டியிருப்பதைக் காணலாம். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். மும்முனை மின்சாரம் வந்துவிட்டதென்று தெரிந்தால் விவசாயி வீட்டிலிருந்தபடியே அந்த சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பெட்டி அழைப்பை எடுக்காது. அழைக்கும் எண் தன்னிடம் பதிந்துவைத்திருக்கும் எண்தானா என்று மட்டும் பார்க்கும். ஆமென்றால் அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓடவிடும். நள்ளிரவில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை, ஒரு பைசா செலவில்லை. மொபைல் ஸ்டார்ட்டர் என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் தொலைபேசி எண் ஒரு சாவியாக வேலை செய்கிறது. அதனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இங்கே வெறும் ஆர்வத்துக்குரியதல்ல. விவசாயியின் கைபேசி தன் எண்ணைச் சொல்லியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். கைபேசி அதைச் சொல்வதே இல்லை. இடையிலுள்ள நெட்வொர்க், ‘அழைப்பவர் இன்னார்’ என்று தன் பொறுப்பில் சொல்லும் சாட்சியைத்தான் பெட்டி நம்புகிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு எண்ணும் அப்படிப்பட்ட சாட்சிதான். அந்தச் சாட்சியைச் சொல்பவர் நாற்பது ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டார். கேட்கும் நமக்குத்தான் அது தெரிவிக்கப்படவில்லை.

பழைய ஸ்ட்ரவ்ஜர் எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து தொடங்க வேண்டும். டயலைச் சுழற்றிவிடும்போது கம்பியில் மின்னோட்டம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். அந்தத் துடிப்புக்கு ஏற்ப செலக்டர்கள் படிப்படியாக ஏறித் திரும்பி அடுத்த கம்பியைப் பிடிக்கும். கடைசி இலக்கம் முடிந்ததும் பாதை அமைந்துவிடும். அமைந்த பிறகு அந்த எண் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது, செலக்டர்கள் நிற்கும் நிலைதான் அதன் ஒரே பதிவு. அழைத்தவரின் எண் பாதையில் ஒருபோதும் பயணம் செய்ததே இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கு வாடிக்கையாளர் என்பவர் சுவரோரச் சட்டத்தில் வந்து முடியும் ஒரு ஜோடிக் கம்பி, அவ்வளவுதான். அந்தக் கம்பிக்கு இன்ன எண் என்பதை ஜம்பர் ஒயர் போட்ட லைன்மேனின் கை தீர்மானித்தது.

அப்படியானால் பில் எப்படி வந்தது? ஒவ்வொரு கம்பிக்கும் எக்ஸ்சேஞ்சில் ஒரு சிறு மீட்டர் இருந்தது. உள்ளூர் அழைப்பென்றால் ஒரு துடிப்பு. 1960இல் கான்பூர்-லக்னோ தடத்தில் எஸ்.டி.டி. எனும் நேரடித் தொலைதூர அழைப்பு வந்தபின், தொலைவுக்கேற்ற வேகத்தில் துடிப்புகள் வந்து மீட்டர் ஓடியது. குறிப்பிட்ட நாளில் மீட்டர் வரிசைகளைப் புகைப்படம் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். யாரை அழைத்தோம் என்பது பில்லில் வராது. ‘நான் பேசவே இல்லை, பில் இவ்வளவு வந்திருக்கிறது’ என்ற புகார்கள் அந்தக் காலத்தில் தீராமல் இருந்ததற்கு இதுவே காரணம். மறுக்கவும் ஆதாரமில்லை, நிறுவவும் ஆதாரமில்லை. அமெரிக்காவில் தொலைதூர அழைப்பை அழைப்புவாரியாக எழுதிக் கட்டணம் போடும் வழக்கம் இருந்ததால், அழைப்பவரின் எண்ணை இயந்திரமே கண்டறிந்தாக வேண்டிய தேவை அங்கே முன்கூட்டியே எழுந்தது. நம்முடைய மீட்டர் முறைக்கு அந்தத் தேவையே இல்லை. அடையாளம் காட்டும் வசதி நம் ஊர்களுக்குத் தாமதமாக வந்ததற்கு ஏழ்மையை மட்டும் காரணம் சொல்வது சரியல்ல. கணக்கெழுதிய முறையும் ஒரு காரணம்.

மிரட்டல் அழைப்பு வந்தால், பேச்சை நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்வதைப் பழைய படங்களில் பார்த்திருப்போம். அது வெறும் சினிமாவல்ல. பாதை உயிரோடு இருக்கும்வரைதான் ஊழியர் கடைசி செலக்டரிலிருந்து பின்னோக்கி, ரேக்கு ரேக்காகக் கம்பியைத் தேடிப் போக முடியும். அழைப்பு வேறொரு எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்திருந்தால் அங்கிருப்பவருக்குத் தகவல் சொல்லி, அவரும் அதேபோலத் தேட வேண்டும். போனை வைத்துவிட்டால் செலக்டர்கள் பழைய இடத்துக்கே போய்விடும், தடயம் முழுவதும் அழிந்துவிடும்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நேர்மை இருந்தது. கம்பியைத் தேடிப் போய்க் கண்டுபிடித்துவிட்டால் அது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. அது காட்டியது ஆளை அல்ல, இடத்தை. விசிட்டிங் கார்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்ட காலம் அது. பக்கத்துக் கடையிலோ எதிர்வீட்டிலோ இருந்த போனுக்கு ஆளனுப்பி அழைத்துவரச் சொல்வார்கள். பின்னால் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் வந்தபோதும் எண் காட்டியது பூத்தைத்தான்.

1984இல் தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முன்முயற்சியில், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் தொடங்கப்பட்டது. அதன் முதல் கிராமப்புறத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. ‘ராக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்த இயந்திரத்துக்கு மொத்தம் 128 முனைகள். குளிர்சாதன வசதி தேவையில்லை. வெயிலையும் தூசியையும் நம்பகமில்லாத மின்சாரத்தையும் தாங்கி, ஊராட்சி ஒன்றியத் தலைமையூர்கள் அளவிலான இடங்களில் ஒரு சிறு அறையில் அது ஓடும். இந்திய மின்னணு வரலாற்றில் இதற்கிணையாகக் கிராமத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்ட கருவி வேறொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம். நம் கதைக்கு அதன் முக்கியத்துவம் இதுதான்: ரிசீவரை எடுத்த நொடியிலேயே எந்த முனையில் யார் எடுத்தார்கள் என்பது அதன் நினைவகத்தில் ஏறிவிடும். கம்பிக்கும் எண்ணுக்குமான உறவு ஜம்பரோடு நிற்காமல் ஓர் அட்டவணையாகவும் மாறியது.

எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்த எக்ஸ்சேஞ்சுக்கும் அது சொல்லியாக வேண்டும். துடிப்புகளாக மட்டும் எண்ணை அனுப்பும் பழைய இணைப்பில் அழைக்கப்படும் எண்தான் போகும், அழைப்பவரின் எண்ணுக்கு இடமில்லை. ‘ஆர்2’ என்ற முறையில் நிலைமை மாறியது. ஆறு ஒலி அதிர்வெண்களில் இரண்டிரண்டைச் சேர்த்து ஒலித்தால் பதினைந்து குறிகள் கிடைக்கும். அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் 1,380 முதல் 1,980 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகளில் பேசும், பெறும் எக்ஸ்சேஞ்ச் 1,140 முதல் 540 வரையானவற்றில் பதில் சொல்லும். ஒரு குறி போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வந்தால்தான் அடுத்தது போகும். பெறும் பக்கம் ‘அழைப்பவர் யார்?’ என்று கேட்கவும் அதில் வழியிருந்தது. கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் சொல்லாது. இடையில் ஒரு பழைய இணைப்பு மாட்டிக்கொண்டால் எண் அங்கேயே நின்றுவிடும். காலர் ஐடி போன் வாங்கி வைத்தவர்களுக்குச் சில ஊர்களிலிருந்து வரும் அழைப்புகளில் மட்டும் திரை வெறுமையாக இருந்ததற்கு இப்படி அறுந்துபோன இணைப்புகளே காரணம்.

அதன் பிறகு வந்தது ‘எஸ்.எஸ்.7’, அதாவது ஏழாம் எண் சமிக்ஞை முறை. பேச்சு ஒரு வழியிலும் செய்தி தனி வழியிலும் போகும் ஏற்பாடு. அழைப்பு தொடங்கும்போதே முதல் செய்தியில் இரண்டு எண்களும் சேர்ந்து புறப்பட்டுவிடும். எண்ணோடு அது உள்ளூர் எண்ணா, தேசிய எண்ணா, வெளிநாட்டு எண்ணா என்ற குறிப்பும் போகும். திண்டுக்கல்லின் எஸ்.டி.டி. குறியீடான 451க்குப் பின் ஏழு இலக்கம், ஒட்டன்சத்திரத்தின் 4553க்குப் பின் ஆறு இலக்கம், எப்படிக் கூட்டினாலும் பத்து. முன்னால் எதைச் சேர்த்துக் காட்டுவது என்பதைப் பெறும் எக்ஸ்சேஞ்ச் அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்யும். கடைசித் தூரம் மறுபடியும் செம்புக் கம்பிதான். சில எக்ஸ்சேஞ்சுகள் பட்டன் போனை அழுத்தினால் வரும் அதே இரட்டை ஒலிகளில் எண்ணை அனுப்பின. வேறு சில, விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் மோடம் போலப் பேசின. முதல் மணிக்கு முன்பாகவோ, முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையிலோ இது நடந்து முடிந்துவிடும்.

இந்த வசதி அமெரிக்காவில் 1980களின் இறுதியில் விற்பனைக்கு வந்தபோது, பென்சில்வேனிய நீதிமன்றம் 1990இல் அதை மாநிலத்தின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அழைப்பவரின் அனுமதியில்லாமல் அவர் எண்ணைக் காட்டலாமா என்பது அங்கே வழக்கு. நம் நாட்டில் எண்ணை மறைக்கும் வசதி சாதாரண வாடிக்கையாளருக்குக் கேட்டவுடன் கிடைப்பதில்லை. இதில் நான் நம் நடைமுறையின் பக்கம்தான். மணியடிக்கும், எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் என்ற வகைத் தொல்லையை வீட்டிலிருந்த பெண்கள் எவ்வளவு காலம் சகித்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சிறு திரை செய்த நன்மை பெரிது.

கைபேசியில் நிலைமை இன்னும் கறாரானது. சிம் கார்டில் உள்ள அடையாளம் நாம் அறிந்த பத்து இலக்க எண் அல்ல. 404 அல்லது 405 என்று தொடங்கும் வேறோர் எண் அது, பெரும்பாலும் பதினைந்து இலக்கம் கொண்டது. அதோடு 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவியும் சிம்முக்குள் இருக்கும். அதே சாவியின் நகல் நிறுவனத்தின் சரிபார்ப்பு மையத்தில் இருக்கும். இரண்டுமே வெளியே வராது. கைபேசியை ஆன் செய்ததும் நெட்வொர்க் ஏதோவொரு எண்ணை வீசி, ‘இதை உன் சாவியில் கணக்கிட்டு விடை சொல்’ என்று கேட்கும். விடை சரியாக இருந்தால் அந்த சிம்முக்குரிய பத்து இலக்க எண் எது என்பதை நிறுவனம் தன் பதிவேட்டில் பார்த்து எடுத்துக்கொள்ளும். விவசாயி மிஸ்டு கால் கொடுக்கும்போது, டவருக்குப் பின்னாலுள்ள எக்ஸ்சேஞ்ச்தான் அந்த எண்ணை அழைப்புச் செய்தியில் எழுதுகிறது. சிம் தொலைந்து புதிது வாங்கினாலும் பழைய எண்ணே தொடர்வது இதனால்தான். மாறுவது சிம், எண் இருப்பது பதிவேட்டில்.

மோட்டார் அறைப் பெட்டியை மணி எட்டும்போது எண்ணும் கூடவே வந்து சேரும். உள்ளேயிருக்கும் சிறு மோடத்துக்கு, மணியோடு எண்ணையும் தெரிவிக்கும்படி முதலிலேயே கட்டளை கொடுத்திருப்பார்கள். பேச்சுப் பாதை திறக்கவே இல்லை என்பதால் கட்டணமில்லை. மிஸ்டு கால் பழக்கத்துக்கு ஒரு தேதியும் உண்டு. 2003 மே 1க்கு முன்னால் கைபேசிக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கட்டினோம். அதனால் எடுப்பதற்கு முன் எண்ணைப் பார்ப்பது பணத்தைக் காக்கும் வேலையாக இருந்தது. அழைப்பவரே கட்டுவது என்று ஆன பிறகு, எடுக்காத அழைப்பு இரு பக்கமும் இலவசமான செய்தியாயிற்று. ‘வண்டி ஏறிவிட்டேன்’, ‘லோடு வந்துவிட்டது’, ‘கூப்பிடு’ என்று எல்லாவற்றையும் ஒரு மிஸ்டு காலுக்குள் அடக்கிவிட்டோம். சாட்சியை மட்டும் வாங்கிக்கொண்டு பேச்சை விட்டுவிடும் பழக்கம் இது.

ஒரே நிறுவனத்தின் சிம்மிலிருந்து அதே நிறுவனத்தின் சிம்முக்குப் போகும் அழைப்பில் இந்தச் சாட்சியை அசைப்பது மிகக் கடினம். பொய் நுழைவது எல்லைகளில்தான். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி ஏறும் மூட்டையில் ஒரு பெயர் எழுதியிருக்கும், இறக்குபவர் அதை வாசிப்பாரே தவிர எழுதியவர் யாரென்று விசாரிக்க மாட்டார். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் எண்ணும் அப்படியே.

முதல் எல்லை நிறுவனங்களின் சொந்த எக்ஸ்சேஞ்ச். கால் சென்டரோ மருத்துவமனையோ முப்பது வழிகள் கொண்ட டிஜிட்டல் இணைப்பொன்றை வாங்கும்போது, ‘என் எண் இது’ என்று அவர்களுடைய இயந்திரமே சொல்லும். அவர்களுக்கு ஒதுக்கிய எண் வரிசைக்குள் அது இருக்கிறதா என்று தொலைபேசி நிறுவனம் பார்க்க வேண்டும். பார்த்தால் உண்மை, பார்க்காவிட்டால் அவர்கள் சொன்னதே வேதம். இணையவழி அழைப்பில் இந்தத் தளர்ச்சி இன்னும் அதிகம். அனுப்புபவர் என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நடுவிலிருக்கும் நம்பகமான நிறுவனம் அதைச் சரிபார்த்துத் தன் பங்குக்கு வேறோர் இடத்தில் உண்மையான எண்ணை எழுதினால்தான் பிழைத்தோம்.

இரண்டாவது எல்லை வெளிநாடு. இங்கே பொய் இரண்டு திசையிலும் போயிருக்கிறது. வளைகுடாவிலிருந்து மகன் கூப்பிடுவான், திரையில் முன்பின் தெரியாத இந்திய எண் ஒன்று தெரியும். வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான சிம் செருகிய பெட்டி ஒன்றிலிருந்து உள்நாட்டு அழைப்பாக மாற்றிவிடும் வேலை அது. சர்வதேச அழைப்புக்கான கட்டணத்தைத் தவிர்ப்பதே அதன் லாபம். சிம் பாக்ஸ் எனப்படும் இந்தப் பெட்டிகள் தமிழ்நாட்டிலும் பிடிபட்டிருக்கின்றன. கவனிக்க வேண்டியது: அந்த எண் போலியல்ல. உண்மையான சிம், உண்மையான சரிபார்ப்பு. ஆள்தான் வேறு.

மற்றது, வெளிநாட்டிலிருந்தபடி 91இல் தொடங்கும் எண்ணைப் பொய்யாகப் போட்டு அனுப்புவது. போலீஸ், சுங்கத்துறை, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இது பெரிய ஆயுதமாக இருந்தது. வெளிநாட்டு வாசல் வழியாக வரும் இந்திய எண்களை எல்லாம் தடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. சிங்கப்பூருக்குப் போன ஒருவர் தன் இந்திய சிம்மிலிருந்தே ஊருக்குப் பேசினால் அதுவும் அந்த வாசல் வழியாகத்தான் வரும். ஆகவே ‘இந்த சிம் இப்போது உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா?’ என்று உரிய நிறுவனத்தைக் கேட்டாக வேண்டும். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி வந்தபின், முதல் சில இலக்கங்களைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்லவும் முடியாது. முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த எண்களுக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்தது. அதிலேயே நாளொன்றுக்கு சுமார் 45 லட்சம் அழைப்புகள் நின்றன. 2024 அக்டோபர் 22 அன்று எல்லா நிறுவனங்களுக்குமான மையச் சோதனை அமைப்பு தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் பிடிபட்ட போலி அழைப்புகள் சுமார் 1.35 கோடி. இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் அது 90 சதவீதம் என்று தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது.

அந்த 90 சதவீதத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். சாட்சிகளில் பத்தில் ஒன்பது பொய்யாக இருந்த ஒரு வாசல், அன்றுவரை திறந்தே கிடந்திருக்கிறது. நம் திரைகள் அந்த எண்களைப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைப் போலவே, அதே எழுத்தில் அதே நம்பிக்கையோடு காட்டின. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தொலைத்தொடர்பு அடையாளத்தில் கைவைப்பதற்கு மூன்றாண்டுவரை சிறையும் 50 லட்சம் ரூபாய்வரை அபராதமும் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் போனை எடுக்கும் நொடியில் அந்தச் சட்டம் யாருக்கும் துணை நிற்பதில்லை.

எஸ்.எஸ்.7 செய்தியில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு பிட் அளவுள்ள ஓர் இடம் இருக்கிறது. எண்ணை வாடிக்கையாளரே கொடுத்தாரா, சரிபார்த்தோமா, சரிபார்ப்பில் தேறியதா தவறியதா, அல்லது நெட்வொர்க்கே எழுதியதா என்ற நான்கு நிலைகளுக்கான இடம் அது. ‘எனக்கு இது எப்படித் தெரியும்’ என்று சாட்சி சொல்வதற்கென்றே வைத்த இடம். எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் அதைப் பரிமாறிக்கொள்ளும், நம் திரைக்கு மட்டும் அது வராது. எண்ணைத் தந்துவிட்டு, எண்ணை நம்பலாமா என்ற தகவலை நெட்வொர்க் தன்னிடமே வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்ணோடு இப்போது பெயரும் சேர்கிறது. அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் ஏற்பாட்டை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. ட்ரூகாலர் போன்ற செயலிகளில் பெயரைப் பயனர்களே உருவாக்குகிறார்கள். இதிலோ சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயர் வரும். அது முன்னேற்றமே. ஆயினும் பெயரைத் தேடுவது எண்ணை வைத்துத்தான். எண் பொய்யென்றால், அந்த எண்ணுக்குரிய அப்பாவியின் பெயர் அரசுப் பதிவின் கனத்தோடு திரையில் ஏறும். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அப்பா பெயரில் வாங்கிய சிம்மை மகளும், மகன் பெயரில் வாங்கியதைப் பாட்டியும் வைத்திருப்பது சாதாரணம். மோட்டார் அறைப் பெட்டியின் சிம்கூட யாரோ ஒருவர் பெயரில்தான் இருக்கிறது.

அமெரிக்கா 2019இல் சட்டம் இயற்றி, 2021 ஜூன் 30க்குள் பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையவழி நெட்வொர்க்குகளில் ஒவ்வோர் அழைப்புக்கும் மின்னணுக் கையொப்பம் இட வேண்டும் என்றது. கையொப்பத்தில் மூன்று தரம் உண்டு. வாடிக்கையாளரையும் தெரியும், எண் அவருக்குரியது என்பதும் தெரியும் என்றால் முதல் தரம். வாடிக்கையாளரை மட்டும் தெரியும் என்றால் இரண்டாவது. எங்கோ இருந்து வந்தது, நான் கடத்திவிட்டேன் என்றால் மூன்றாவது. அங்கே சில கைபேசிகள் தேறிய அழைப்புக்குப் பக்கத்தில் சரி என்ற குறியைக் காட்டுகின்றன. மோசடி அழைப்பு அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் சாட்சியின் தரத்தைக் கேட்பவருக்குக் காட்ட முடியும் என்பதை அது நிறுவிவிட்டது.

நம் நாட்டில் பெயர் காட்டும் வசதி முதலில் 4ஜி, 5ஜி அழைப்புகளுக்குத்தான். தோட்டத்துப் பெட்டிகளில் பலவும், வயதானவர்கள் வைத்திருக்கும் பட்டன் போன்களும் 2ஜியில் இருக்கின்றன. எனவே மொபைல் ஸ்டார்ட்டர் செய்பவர்கள் எண்ணை மட்டும் சாவியாக வைப்பதை விட்டுவிட வேண்டும். அழைப்பை எடுத்து, ஒரு கடவு எண்ணை அழுத்தச் சொல்லும் முறையை எல்லாக் கருவியிலும் கொண்டுவர வேண்டும். சில கருவிகளில் கட்டளைக்கு இலக்கங்களை அழுத்தும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஓர் அழைப்புக் கட்டணம் கூடுதலாகும், போகட்டும். 4ஜி கைபேசிகளுக்கோ, பெயருக்காகத் திரையைத் திருத்தும் இந்த நேரத்திலேயே சரிபார்ப்பு நிலைக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட வேண்டும். பெயரைக் கோடிக்கணக்கானவர்கள் நம்பப் பழகிவிட்ட பிறகு அதைச் சேர்க்கலாமென்றால், அதற்குள் எத்தனை பேர் வங்கிக் கணக்கு காலியாகியிருக்கும் என்பதையும் ட்ராய் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.